நாற்பது நொடியில் ஒரு ‘வேண்டாம்’

எங்கள் மாடியில் குடியிருந்த இசக்கி படியில் நின்றுகொண்டு என் ஃபோனை நீட்டினாள். நான் அப்போதுதான் கம்பெனி பஸ்ஸை விட்டு இறங்கி வந்திருந்தேன். மத்தியானம் மூன்று மணி வெயிலில் படிக்கட்டுக் கம்பி கையைச் சுட்டது. அவள் நைட் ஷிப்ட் முடித்துவிட்டுப் படுத்தவள். கன்னத்தில் பாயின் தடம் அப்படியே இருந்தது.

“ஒங்க அம்மா ஒரு தடவ கூப்பிட்டாவ. கூரியர்க்காரன் ஒரு தடவ. பொறவு ஒரு பொம்பள இங்கிலீசுல ஆரம்பிச்சா. வேண்டாம்னு சொல்லி வச்சிட்டேன்” என்றாள்.

சரி என்று வாங்கிக்கொண்டேன். கை கால் கழுவினேன். அம்மா மூடி வைத்துவிட்டுப் போயிருந்த சோற்றில் ரசத்தை ஊற்றிப் பிசைந்துகொண்டே இடது கையால் ஃபோனைத் தள்ளிப் பார்த்தேன். பதினொன்று பத்துக்கு வந்திருந்தது அந்த அழைப்பு. சென்னை லேண்ட்லைன் எண். பேசிய நேரம் நாற்பது நொடி.

அந்த எண் எனக்கு மனப்பாடம். ஒன்றரை மாதமாக நான் தினமும் திறந்து பார்த்துக்கொண்டிருந்த பல்கலைக்கழகப் பக்கத்தின் அடியில் இருக்கும் எண் அது. எம்.எஸ்ஸி. இயற்பியல், ஒளியியல் சிறப்புப் பாடம், காத்திருப்போர் பட்டியல், பெயர் ஜான்சி. நான்காம் இடத்தில் ஆரம்பித்து மூன்றாகி, இரண்டாகி, அந்த வாரம் முதல் இடத்துக்கு வந்திருந்தேன்.

ரசம் கையிலேயே காய்ந்துபோனது. நான்காவது முறை அடித்தபோது எடுத்தார்கள். பெயரைச் சொன்னேன். காகிதம் புரளும் சத்தம் கேட்டது. நீங்கள்தான் காலையிலேயே வேண்டாமென்று சொல்லிவிட்டீர்களே, அடுத்தவருக்குக் கொடுத்தாகிவிட்டது என்றது அந்தக் குரல். நான் பதில் சொல்வதற்குள் வைத்துவிட்டார்கள்.

ஃபோன் ஜோடி

சென்ற வாரம் இந்தத் தொடரில், நான் வேலை பார்த்த ஹெட்லைட் தொழிற்சாலையைப் பற்றி எழுதினேன். கறுப்புப் பூசிய அறையில் ஒவ்வொரு விளக்கையும் எரியவிட்டு, சுவரில் விழும் வெளிச்சத்தின் விளிம்பு நேராக இருக்கிறதா என்று பார்த்தது, எட்டு மணி நேரம் பார்த்த பிறகு வெளியே வந்தால் ஊரே வெளுத்துத் தெரிந்தது எல்லாம் எழுதினேன். ஒன்றை மட்டும் விட்டுவிட்டேன். அந்த அறைக்குள் ஃபோன் போகக் கூடாது.

இன்னும் சந்தைக்கு வராத கார்களின் விளக்குகள் அங்கே வரும். யாராவது படம் எடுத்துவிட்டால்? ஆகவே கேட்டிலேயே ஃபோனை அணைத்து, டோக்கன் வாங்கிக்கொண்டு, இரும்புப் பெட்டியில் போட்டுவிட வேண்டும். ரகசியம் காக்கட்டும், நான் குறை சொல்லவில்லை. ஆனால் அலுவலக மாடியில் இருந்தவர்கள் அத்தனை பேரும் ஃபோனோடுதான் உள்ளே போனார்கள். அவர்களுக்கெல்லாம் கண் கிடையாதா, கை கிடையாதா? நம்பிக்கையில்லாதவர்கள் உற்பத்தி லைனில் நிற்கும் நாங்கள் மட்டும்தான்.

எட்டு மணி நேரம் ஃபோன் செத்துக் கிடந்தால் வெளியுலகம் காத்திருக்குமா? ஆஸ்பத்திரி கூப்பிடும், தம்பியின் பள்ளிக்கூடம் கூப்பிடும். அதனால் ஒரகடம் பக்கத்துப் பெண்கள் நாங்களாகவே ஒரு வழக்கம் வைத்திருந்தோம். எதிர் ஷிப்டில் இருக்கும் ஒருத்தியிடம் ஃபோனைக் கொடுத்துவிட்டுப் போவது. நான் காலை ஷிப்ட் என்றால் நைட் ஷிப்ட்காரியிடம் என் ஃபோன். அவள் போகும்போது அவளுடையது என்னிடம். பேச வேண்டியதை அவளே பேசி, சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுவாள். இதற்குப் பெயர் ஃபோன் ஜோடி.

என் ஜோடி இசக்கி. தென்காசிப் பக்கம். எங்களுக்கு முன்பே ஷிப்ட் விடும் பக்கத்து கம்பெனியில் வேலை. எங்கள் வீட்டு மாடிப் போர்ஷனில் மூன்று பெண்களோடு வாடகைக்கு இருந்தாள். என் வயதுதான். பிளஸ் டூவில் நல்ல மார்க் வாங்கியவள். தம்பி படிக்கட்டும் என்று இவள் லைனுக்கு வந்துவிட்டாள். ஞானஸ்நானம் வாங்கிய எனக்காக வல்லக்கோட்டை முருகனிடம் வேண்டிக்கொண்டு, கிருத்திகைக்குக் கால் கடுக்க வரிசையில் நின்றவளும் அவள்தான்.

ஆரம்பத்தில் இசக்கி எல்லோரிடமும் மரியாதையாகப் பேசினாள். கிரெடிட் கார்டு விற்கக் கூப்பிட்ட ஒருவனிடம் ‘யெஸ் சார், யெஸ் சார்’ என்று அரை மணி நேரம் பேசியதில், பத்தாம் நாள் என் பெயருக்கு ஒரு கார்டு வந்து சேர்ந்தது. நான் கத்தினேன். இங்கிலீஷில் ஆரம்பித்தால் பேச்சே வளர்க்காதே, வேண்டாம் என்று சொல்லி வைத்துவிடு என்று சட்டம் போட்டேன்.

சட்டம் போட்டது நான். இதை இங்கேயே எழுதி வைத்துவிடுகிறேன்.

அவளிடம் பல்கலைக்கழகத்தைப் பற்றி ஏன் எச்சரிக்கவில்லை என்று கேட்பீர்கள். ‘தகவல் மின்னஞ்சலில் மட்டுமே தரப்படும், தொலைபேசியில் தொடர்புகொள்ள வேண்டாம்’ என்று அவர்கள் பக்கத்திலேயே தடித்த எழுத்தில் போட்டிருந்தது. நாங்கள் கூப்பிடக் கூடாது, அவர்கள் கூப்பிடலாம் என்பது எனக்கு எப்படித் தெரியும்?

அப்பாவின் பட்டியல்

எங்கள் வீட்டில் காத்திருப்போர் பட்டியல் புதிதில்லை. நான் பள்ளிக்கூடம் சேர்ந்த சமயத்தில் எங்கள் நிலம் ஒரு தொழிற்சாலைக்குப் போனது. நிலம் கொடுத்த வீட்டுக்கு ஒரு ஆளுக்கு வேலை என்று சொன்னார்கள். அப்பா பெயரை எழுதிக்கொண்டு, ஒரு சீட்டில் எண் போட்டுக் கொடுத்தார்கள். அவர் அதைப் பாலித்தீன் கவரில் போட்டு, பைபிளுக்குள் வைத்திருந்தார்.

மாதம் ஒரு முறை வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு கேட்டுக்குப் போவார். “கூப்பிடுவோம்” என்பார்கள். திரும்பி வந்து சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டுவார். கேட்டில் செக்யூரிட்டிகள் மாறினார்கள், மேலாளர்கள் மாறினார்கள், கடைசியில் கம்பெனியின் பெயரே மாறியது. ‘கூப்பிடுவோம்’ மட்டும் மாறவில்லை. ஒரு நாள் அவர் போவதை நிறுத்திவிட்டார். இப்போது ஒரு கிடங்கில் கான்ட்ராக்டில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறார்.

ஆகையால் இதையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் குடும்பத்துக்கு ஒரு பட்டியலிலிருந்து வந்த ஒரே அழைப்பு, அன்றைக்குப் பதினொன்று பத்துக்கு வந்ததுதான்.

கையில் இரண்டு, காத்திருப்பில் ஒன்று

எனக்கு வேறு இடமே இல்லை என்று நினைக்க வேண்டாம். கையில் இரண்டு இருந்தன. ஒன்று காஞ்சிபுரம் சாலையில் ஒரு தனியார் கல்லூரி; வீட்டிலிருந்தே போய் வரலாம், ஆனால் பொது இயற்பியல் மட்டும்தான். இன்னொன்று தெற்கே ஒரு பல்கலைக்கழகம். ஹாஸ்டலில் இருக்க வேண்டும், சின்னதாக ஓர் ஒளியியல் ஆய்வகம் உண்டு. நான் ஆசைப்பட்டதோ சென்னையில். அங்கேதான் லென்சுகளுக்கென்றே தனி ஆய்வகம் இருந்தது.

இரண்டு வருடமாக ஹெட்லைட்டின் வெளிச்சத்தைச் சுவரில் பார்த்துக்கொண்டிருந்தவள் நான். சரி, சரியில்லை என்று டிக் அடித்தேனே தவிர, அந்தப் பிளாஸ்டிக்குக்குள் வெளிச்சம் ஏன் அப்படி வளைகிறது என்று யாரும் சொல்லவில்லை. சூப்பர்வைசரைக் கேட்டபோது, உனக்கு எதுக்கும்மா அதெல்லாம், டார்கெட்டப் பாரு என்றார். எனக்கு அது வேண்டும். அதற்குத்தான் இத்தனை பாடும்.

இதில் எனக்குப் பொறுக்காதது ஒன்று உண்டு. இடம் கொடுத்த இரண்டு பேரும், வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல், இல்லையென்றால் இடம் போய்விடும் என்றார்கள். காக்க வைத்தவர்களோ ஒரு தேதி சொல்லவில்லை. எப்போது தெரியும் என்று மூன்று மின்னஞ்சல் அனுப்பினேன். ‘உங்கள் மின்னஞ்சல் பெறப்பட்டது’ என்று மூன்று பதில் வந்தது. கெடு எல்லாம் எங்களுக்கு. அவர்களுக்கு மட்டும் காலம் கரை இல்லாமல் கிடந்தது.

காஞ்சிபுரம் சாலைக் கல்லூரி இன்னும் ஒரு படி மேலே. இடத்தை உறுதி செய்ய வேண்டுமென்றால் பத்தாவது முதல் பட்டம் வரை அத்தனை அசல் சான்றிதழ்களையும் அவர்களிடம் ஒப்படைக்க வேண்டுமாம். எதற்கு என்று கேட்டேன். வேறு எங்கும் போய்விடாமல் இருப்பதற்கு என்று ஒளிவுமறைவில்லாமல் சொன்னார் அங்கிருந்தவர்.

அன்று மாலை நான் பேசியது

ஃபோனை வைத்துவிட்டு மாடிக்குப் போனேன். இசக்கி மறுபடி படுத்திருந்தாள். எழுப்பி, அந்தப் பொம்பளை என்ன சொன்னாள் என்று கேட்டேன். அவளுக்குச் சரியாக நினைவில்லை. பாதித் தூக்கத்தில் பேசியிருக்கிறாள். உன் பெயரைச் சொன்னாள், சீட் என்று ஏதோ சொன்னாள், நான் வேண்டாம் மேடம், தேங்க்யூ மேடம் என்றேன் என்றாள்.

நான் அப்போது சொன்னதை எழுதக் கை கூசுகிறது. எழுதாவிட்டால் இந்தத் தொடருக்கு அர்த்தமில்லை. “உனுக்கு இன்னா தெரியும் படிப்பப் பத்தி? பாதியில வுட்டவ தானே நீ” என்றேன்.

அவள் பாயைச் சுருட்டி மூலையில் வைத்தாள். அவளோடு இருந்த பெண்கள் சுவரைப் பார்த்தார்கள். நான் கீழே இறங்கி வந்து வாசற்படியில் உட்கார்ந்துகொண்டேன்.

வேலை முடிந்து வந்த அம்மா என்னைப் பார்த்துவிட்டுப் பையைக் கீழே வைத்தாள். “இன்னாடி ஆச்சு, இப்டி குந்திகினு கீற?” சொன்னேன். அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். “வூட்லேர்ந்து போய் வர மாரி ஒண்ணு கைல கீது இல்ல? அப்பறம் இன்னாத்துக்கு அழுவுற?”

அம்மா கெட்டவள் இல்லை. கிடைத்ததைப் பிடித்துக்கொள்ளச் சொல்லியே அவளை வளர்த்தார்கள். ஆனால் அன்றைக்கு எனக்கு அவள் மேலும் கோபம், முருகன் மேலும் கோபம், ஏசு மேலும் கோபம். ஒருத்தரையும் மிச்சம் வைக்கவில்லை.

கவுன்ட்டர்

மறுநாள் லீவு போட்டுவிட்டு நேரில் போகக் கிளம்பினேன். காலை ஆறு மணிக்குப் பஸ் ஸ்டாப்பில் நின்றபோது, நைட் ஷிப்ட் பஸ்ஸிலிருந்து இறங்கிய இசக்கி, சீருடையை மாற்றாமல் என் பக்கத்தில் வந்து நின்றாள். எங்கே என்று கேட்டேன். “ஒங்கூடத்தான்” என்றாள். படப்பை வழியாகத் தாம்பரம் வரை அவள் ஜன்னலில் தலை முட்ட முட்டத் தூங்கினாள். அங்கிருந்து ரயிலில் போனோம்.

கவுன்ட்டருக்குப் பின்னால் ஓர் அதிகாரி. முன்னால் இருந்த தாளை விரலால் தொட்டுக் காட்டினார். பெயர்கள், பக்கத்தில் இரண்டு கட்டங்கள். ஒன்று சம்மதம், ஒன்று மறுப்பு. என் பெயருக்கு நேராக மறுப்பில் ஒரு டிக். நீல மை. அதைப் போட அரை நொடி ஆகியிருக்கும்.

நான் ஃபோன் பெட்டி, ஷிப்ட் எல்லாவற்றையும் விளக்க ஆரம்பித்தேன். அவர் முகத்தில் ஒன்றும் ஏறவில்லை. மறுத்தது மறுத்ததுதான் என்றார். அப்போது இசக்கி என்னைத் தள்ளிக்கொண்டு முன்னால் வந்தாள்.

“சார், வேண்டாம்னு சொன்னது நாந்தான். இவ இல்ல. என் வாய்ல வந்ததுக்கு இவ படிப்ப எடுத்துராதிய.”

அவர் கண்ணாடியைக் கழற்றினார். இன்னொருவர் பெயரில் பேசுவது குற்றம், தெரியுமா என்றார்.

“நீங்கதானான்னு அந்த மேடம் ஒரு வார்த்த கேக்கலயே சார். கேட்டிருந்தா இல்லன்னு சொல்லியிருப்பேன்லா.”

உள்ளே ஒரு மேசையில் இருந்த பெண் தலையைக் குனிந்து எதையோ தேடினார். அவர்தான் பேசியவர் என்று நினைக்கிறேன். அதிகாரி குரலைத் தணித்துக்கொண்டு சொன்னார். அடுத்த எண்ணில் இருந்த பையன் உடனே சம்மதித்துவிட்டான். நேற்று மாலையே வந்து சேர்ந்துவிட்டான். அவனை எழுப்பிவிட்டு உங்களை உட்கார வைக்கச் சொல்கிறீர்களா?

அவனும் என்னைப் போலவே ஒன்றரை மாதம் அந்தப் பக்கத்தைத் திறந்து திறந்து பார்த்திருப்பான். அவன் மேல் கோபப்பட எனக்கு நியாயம் கிடையாது. அந்த அரை நொடி டிக்கின் மேல்தான் இன்றுவரை கோபம். ஒருத்தியின் இரண்டு வருடத்தை முடித்து வைக்கும்போது, பேசுவது அவள்தானா என்று கேட்க ஒரு மூச்சு கூடவா செலவழிக்க முடியாது?

வெள்ளிக்கிழமை

வெள்ளிக்கிழமை விடியற்காலை, வேலைக்குக் கிளம்பும் முன், அசல் சான்றிதழ்களை எடுத்துக் கட்டிலில் பரப்பி வைத்தேன். அம்மா, அப்பா இரண்டு பேரும் காஞ்சிபுரம் சாலைக் கல்லூரி என்று முடிவு கட்டியிருந்தார்கள். பக்கத்தில் இருக்கிறது, பொண்ணு கண் முன்னால் இருப்பாள். அவர்கள் பக்கமும் நியாயம் இருந்தது.

அப்பா அந்தக் காகிதங்களைக் கவரில் போட எடுத்தார். பழைய பாலித்தீன் கவர். அதைப் பார்த்ததும் எனக்குள் ஏதோ திரும்பிக்கொண்டது. ஃபோனைப் பூட்டி வைக்கும் இடத்தில் இரண்டு வருடம் இருந்தாகிவிட்டது. சான்றிதழையும் பூட்டி வைக்கும் இடத்துக்கு நான் ஏன் போக வேண்டும்? நான் ஓடிப்போவேன் என்று நினைத்தே கதவைத் திறப்பவர்களிடம் நான் என்ன படிப்பேன்?

தெற்கே போகிறேன் என்றேன். அம்மா அழுதாள். அப்பா கவரை மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். பிறகு சான்றிதழ்களை என் கையில் கொடுத்துவிட்டு, “நீயே வெச்சிக்கோ. யார் கேட்டாலும் ஜெராக்ஸ் மட்டும் குடு” என்றார்.

சம்மதம் அனுப்பியது மத்தியானம் இரண்டு நாற்பதுக்கு, வீடு திரும்பும் கம்பெனி பஸ்ஸில் உட்கார்ந்துகொண்டு. அன்று ஃபோனை யாரிடமும் கொடுக்காமல் கேட்டுப் பெட்டியில் போட்டிருந்தேன். ஐந்து மணி கெடு. அன்றைக்கு நான் மத்தியானம் ஆரம்பிக்கும் பி ஷிப்டாக இருந்திருந்தால் அதுவும் போயிருக்கும்.

திங்கட்கிழமை விடியற்காலை வேலைக்குக் கிளம்பியவள், வழக்கம் போல ஃபோனோடு காத்திருந்தேன். இசக்கி வந்ததும் நீட்டினேன். அவள் கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

“வேற ஆளப் பாரு ஏட்டி” என்றாள்.

நான் அவள் கையை இழுத்து அதில் ஃபோனை வைத்து மூடினேன். மன்னித்துக்கொள் என்று சொல்லியிருக்க வேண்டும். வாய் வரவில்லை. பஸ் ஹாரன் அடித்தது, ஓடிவிட்டேன்.

இரண்டு கட்டம்

தெற்கே படித்தேன். அந்தச் சின்ன ஆய்வகத்தில் ஒரே ஒரு லேசர்தான் இருந்தது. ஆறு பேர் முறை வைத்துக்கொண்டோம். வெளிச்சம் ஏன் வளைகிறது என்று தெரிந்துகொண்டேன். சென்னையில் படித்திருந்தால் இன்னும் எவ்வளவு தெரிந்திருக்கும் என்பதை யாரும் எனக்குச் சொல்ல முடியாது. எல்லாம் நன்மைக்கே என்று என்னைத் தேற்ற வந்தவர்களிடம் நான் சண்டை போட்டிருக்கிறேன். இசக்கி இப்போது லைன் லீடர். அவள் ஃபோன் இன்னும் யாரோ ஒருத்தியின் கையில்தான் பகலைக் கழிக்கிறது.

நான் இப்போது ஒரகடம் பக்கத்திலேயே ஒரு கல்லூரியில் இயற்பியல் சொல்லிக்கொடுக்கிறேன். இந்த வருடம் எம்.எஸ்ஸி. சேர்க்கை வேலை என் தலையில் விழுந்தது. துறைத் தலைவர் ஒரு தாளைக் கொடுத்து, மத்தியானத்துக்குள் கூப்பிட்டு முடித்துவிடச் சொன்னார். காத்திருப்போர் பட்டியல். பெயர்கள், பக்கத்தில் இரண்டு கட்டங்கள்.

ஏழாம் எண்ணுக்கு அடித்தேன். தூக்கம் கலந்த ஒரு பெண் குரல். கல்லூரியின் பெயரைச் சொல்லி முடிக்கவில்லை, “வேணாம் மேடம், தேங்க்யூ மேடம்” என்று சொல்லி வைத்துவிட்டது. பத்து நொடி கூட இல்லை.

நான் மறுபடி அடித்தேன்.

“வைக்காதம்மா. ஒண்ணே ஒண்ணு கேக்குறேன். பேசுறது நீங்கதானா, இல்ல ஃபோன் வெச்சிருக்கிறவங்களா?”

அந்தப் பக்கம் பாயிலிருந்து எழுந்து உட்காரும் சத்தம் கேட்டது.

“ஃபோன் வெச்சிருக்கறவ மேடம். அவ ஏ ஷிப்ட்டு. மூணு மணிக்குத்தான் வூட்டுக்கு வருவா.”

மூன்றே காலுக்குக் கூப்பிடுகிறேன், அதுவரை யாருக்கும் எதுவும் சொல்ல வேண்டாம் என்றேன். அந்தப் பெண் என் பெயரை இரண்டு முறை கேட்டு எழுதிக்கொண்டாள்.

ஒரு மணிக்குத் துறைத் தலைவர் எட்டிப் பார்த்தார். ஏழாம் எண் என்ன ஆயிற்று என்று கேட்டார். ஷிப்டில் இருக்கிறார் என்றேன். இந்தத் தாளில் அப்படி ஒரு கட்டம் இல்லையே, மறுப்பில் போட்டுவிட்டு எட்டைக் கூப்பிடுங்கள் என்றார்.

மேசை மேல் ஸ்கேல் இருந்தது. இரண்டு கட்டங்களுக்குப் பக்கத்தில், அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, மேலிருந்து கீழ் வரை மூன்றாவது கட்டத்துக்கு ஒரு கோடு இழுத்தேன்.